விளையாட்டுக்கு வாத்தியார் தந்த மனிதர்

பள்ளிக்கூட மைதானத்தில் விசில் சத்தம் கேட்கிறது. ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அப்படியே நிற்கிறார்கள். அடுத்த விசிலுக்கு வரிசை கட்டுகிறார்கள். விசில் ஊதுகிறவர், விளையாட்டு வாத்தியார்.

நம் தாத்தாக்கள் அவரை டிரில் மாஸ்டர் என்றார்கள். நம் அப்பாக்கள் பி.டி. வாத்தியார் என்றார்கள். இன்றைய பிள்ளைகள் பி.டி. சார் என்கிறார்கள். பெயர் மாறினாலும் விசில் மாறவில்லை.

கணக்கு வாத்தியாரும் தமிழ் வாத்தியாரும் நம் நாட்டில் வெகு காலமாக உண்டு. ஆனால் விளையாட்டைச் சொல்லித்தர முறையாகப் படித்த வாத்தியார் உருவானது 100 ஆண்டுகளுக்குச் சற்று முன்புதான். அவரை உருவாக்கப் பாடுபட்டவர் ஓர் அமெரிக்கர். அவர் பெயர் ஹாரி குரோ பக்.

கடல் கடந்து வந்தவர். சென்னையில் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர். சென்னை நந்தனத்தில், மரங்கள் அடர்ந்த ஒய்.எம்.சி.ஏ. மைதானம் அவர் கட்டிய கல்லூரியின் இடம்தான். புத்தகக் கண்காட்சிக்காக அங்கே போய் வந்த குடும்பங்கள் ஏராளம். ஆனால் பக் யார் என்று அறிந்தவர்கள் மிகக் குறைவு.

கூடைப்பந்து பிறந்த ஊர்

1884-ம் ஆண்டு, அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் பக் பிறந்தார். வாலிப வயதில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரிலுள்ள கல்லூரியில் சேர்ந்து உடற்பயிற்சிக் கல்வி படித்தார்.

அது சாதாரணக் கல்லூரி அல்ல. கிறிஸ்தவ வாலிபர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கல்லூரி. அங்கேதான் 1891-ம் ஆண்டு ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் கூடைப்பந்து ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். பனிக்காலத்தில் வெளியே விளையாட முடியாத மாணவர்களுக்காக, பழக்கூடைகள் இரண்டை மேல்மாடத்தின் விளிம்பில் மாட்டி, பந்தை அதில் போடச் சொன்னார். அப்படிப் பிறந்தது அந்த ஆட்டம். அதே சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் மார்கன், 1895-ம் ஆண்டு பக்கத்து ஊரான ஹோலியோக்கில் கைப்பந்து ஆட்டத்தை உருவாக்கினார்.

ஒரு கூடையும் ஒரு பந்தும் இருந்தால் போதும், ஒரு கூட்டமே விளையாடலாம். இப்படிப்பட்ட சிந்தனை ஓடிக்கொண்டிருந்த இடத்தில் பக் பயின்றார்.

1919-ம் ஆண்டு அவர் சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 35-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது.

டிரில் மட்டுமே இருந்த காலம்

அப்போது நம் பள்ளிக்கூடங்கள் எப்படி இருந்தன?

பிள்ளைகளின் உடலையும் வளர்க்க வேண்டும் என்று சர்க்கார் காகிதத்தில் எழுதி வைத்திருந்தது. 1882-ம் ஆண்டில் அமைந்த கல்விக் கமிஷன், நாட்டு விளையாட்டுகளையும் தேகப்பயிற்சியையும் டிரில்லையும் பள்ளிகளில் வளர்க்கும்படி சொன்னது.

சொல்வது எளிது. செய்வது யார்?

பல பள்ளிகளில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற சிப்பாய்களை டிரில் மாஸ்டர்களாக வைத்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது பட்டாளத்து டிரில். வலப்பக்கம் திரும்பு, இடப்பக்கம் திரும்பு, நேராக நில். அதற்கு மேல் இல்லை. குழந்தையின் உடல் எப்படி வளர்கிறது, எந்த வயதுக்கு எந்தப் பயிற்சி என்பது அவர்களுக்குச் சொல்லித்தரப்படவில்லை. குற்றம் அவர்களுடையதும் அல்ல. அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு பள்ளி இருந்தால்தானே!

பெற்றோர்களின் மனநிலையோ வேறு. பிள்ளை படித்தால் உத்தியோகம். விளையாடினால் என்ன கிடைக்கும்? விளையாட்டு என்பது படிப்புக்கு எதிரி என்றே பல வீடுகளில் நினைத்தார்கள். கிரிக்கெட்டும் டென்னிசும் வெள்ளைக்காரர்களும் செல்வர்களும் ஆடும் ஆட்டங்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் தெருவும் குளத்தங்கரையும்தான் மைதானம்.

சின்னஞ்சிறு ஆரம்பம்

வந்த மறு ஆண்டே, அதாவது 1920-ல், பக் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். சென்னை ஐகோர்ட்டு எதிரே எஸ்பிளனேடில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டிடத்தில் அது நடந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்கள். வசதிகளும் சொற்பம். பின்னர் ராயப்பேட்டைக்கு மாறியது.

உடற்பயிற்சி ஆசிரியர்களைத் தயார் செய்ய இந்தியாவில் முறையாக அமைந்த முதல் கல்வி நிலையம் இதுவே.

அது எப்படிப்பட்ட ஆண்டு தெரியுமா? காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கிய ஆண்டு. வெளிநாட்டுப் பொருள்களையும் வெளிநாட்டார் ஆட்சியையும் மக்கள் வெறுத்து ஒதுக்கிய நேரம். அந்த நேரத்தில் ஒரு வெளிநாட்டார் வந்து, உங்கள் பிள்ளைகளின் உடலை வளர்க்கிறேன் என்றால், சந்தேகத்தோடு பார்ப்பது இயற்கைதானே?

பக் அந்தச் சந்தேகத்தை வாயால் தீர்க்கவில்லை, வேலையால் தீர்த்தார்.

சந்தை சொல்லும் பாடம்

பக் செய்த வேலையின் சூட்சுமம் என்ன? அதைப் புரிந்துகொள்ள, திண்டுக்கல் மாவட்டம் அய்யலூருக்குப் போக வேண்டும்.

அய்யலூரில் வியாழக்கிழமை சந்தை. ஆடு, கோழி விற்பனைக்குப் பேர்போன சந்தை அது. விடியும் முன்பே கூட்டம் கூடிவிடும். சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து ஆடு வளர்ப்பவர்கள் வருகிறார்கள். வெளியூர் வியாபாரிகள் வருகிறார்கள். வண்டிக்காரர் வருகிறார். கயிறு விற்பவர் வருகிறார். டீக்கடைக்காரர் அடுப்பு மூட்டுகிறார்.

இவர்களில் யாரும் ஒருவருக்கொருவர் வேலைக்காரர் அல்ல. அவரவர் தொழில், அவரவர் லாபம். ஆனாலும், எல்லோரும் ஒரே நாளில், ஒரே இடத்தில் கூடுகிறார்கள். அதனால் சந்தை நடக்கிறது. ஆடு வந்து வியாபாரி வராவிட்டால்? வியாபாரி வந்து வண்டி வராவிட்டால்? சந்தை படுத்துவிடும். ஒருவர் மட்டும் எவ்வளவு முயன்றாலும் அதைத் தூக்கி நிறுத்த முடியாது.

விளையாட்டும் அப்படித்தான்.

பிள்ளைகள் விளையாட வேண்டும் என்றால் வாத்தியார் வேண்டும். வாத்தியார் இருந்தால் போதாது, மைதானம் வேண்டும். மைதானம் இருந்தால் போதாது. பாடத்திட்டத்தில் அதற்கு நேரம் வேண்டும். நேரம் இருந்தால் போதாது. எல்லோருக்கும் ஒரே விதிமுறை வேண்டும். விதிமுறை இருந்தால் போதாது. ஊருக்கு ஊர் போட்டி வேண்டும், போட்டி நடத்தச் சங்கம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பெற்றோரின் சம்மதம் வேண்டும்.

கல்வி இலாகா ஒரு பக்கம், நகரசபை ஒரு பக்கம், விளையாட்டுச் சங்கம் ஒரு பக்கம் என்று அவரவர் தனித்தனியே இழுத்தால் தேர் நகராது. வடத்தை எல்லோரும் சேர்ந்து பிடிக்க வேண்டும். இந்தக் காலத்து நிபுணர்கள் இதற்கு ஒரு பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பகுதியை மட்டும் பார்க்காமல் முழு அமைப்பையும் சேர்த்துப் பார்த்துச் சிந்திப்பது என்கிறார்கள். பக் காலத்தில் அந்தப் பெயர் வழக்கில் இல்லை. ஆனால் அவர் செய்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், அந்த வேலையைத்தான் அவர் செய்திருக்கிறார் என்பது தெரியும்.

ஒன்றன் பின் ஒன்றாக

முதல் வேலை, வாத்தியார். பட்டதாரிகளுக்கு ஒரு படிப்பு, பட்டம் பெறாத பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு படிப்பு என்று வகுத்தார். மாணவர்கள் உடற்கூறும் ஆரோக்கிய சாஸ்திரமும் படித்தார்கள். மைதானத்தில் ஆட்டமும் பயின்றார்கள். ஆட்டத்தை நடத்தவும் பழகினார்கள். படித்து முடித்தவர்கள் பல மாகாணங்களுக்கும் போனார்கள்.

இரண்டாவது வேலை, சர்க்கார். பயிற்சி பெற்ற வாத்தியாரைப் பள்ளிக்கூடம் வேலைக்கு எடுக்க வேண்டாமா? எடுத்தால் அவர் வகுப்புக்கு நேரம் ஒதுக்க வேண்டாமா? சென்னை மாகாண சர்க்காருக்கு உடற்பயிற்சிக் கல்வி ஆலோசகராக பக் பணியாற்றினார். கல்லூரியில் தயாராகும் வாத்தியாருக்கும் பள்ளிக்கூடங்களை நடத்தும் இலாகாவுக்கும் இதனால் ஒரு பாலம் கிடைத்தது.

மூன்றாவது வேலை, புத்தகம். ஓர் ஊரில் ஒரு விதி, இன்னோர் ஊரில் வேறு விதி என்றால் போட்டி சண்டையில் முடியும். விளையாட்டுகளின் விதிமுறைகளைத் திரட்டி பக் ஒரு நூல் வெளியிட்டார். பள்ளிகளுக்கான பாடத்திட்டமும் எழுதினார். உடற்பயிற்சி ஆசிரியர்களுக்காக வியாயாம் என்ற பத்திரிகையும் சென்னையிலிருந்து வெளிவந்தது. எங்கோ ஒரு சிற்றூரில் தனியாக விசில் ஊதிக்கொண்டிருக்கும் வாத்தியாருக்கு இவை துணையாயின.

நம் ஆட்டமும் சேர்ந்தது

நான்காவது வேலைதான் முக்கியமானது.

வெளிநாட்டிலிருந்து வந்தவர், வெளிநாட்டு ஆட்டத்தை மட்டும் கற்றுத்தரவில்லை. கூடைப்பந்து, கைப்பந்து, ஓட்டப்பந்தயம் ஆகியவற்றோடு நம் நாட்டுப் பயிற்சிகளுக்கும் பாடத்தில் இடம் கொடுத்தார். தண்டால், பஸ்கி, ஆசனம், சடுகுடு எல்லாம் அதில் சேர்ந்தன. எந்த நாட்டுப் பயிற்சி என்று பார்க்காமல், எது நல்லதோ அதை எடுத்துக்கொள்வது அவர் வழி.

இதில் சிக்கனமும் இருந்தது. சடுகுடு ஆடப் பந்து வேண்டாம், வலை வேண்டாம், கம்பம் வேண்டாம். தரையில் நான்கு கோடுகள் போதும். பணமில்லாத பள்ளிக்கூடமும் ஆடலாம். தெருவில் ஆடியதையே பள்ளியிலும் ஆடலாம் என்றால் பிள்ளைக்கும் உற்சாகம். தாத்தா ஆடிய ஆட்டத்தைப் பேரனும் ஆடுகிறான் என்றால் வீட்டாருக்கும் பெருமைதானே!

பாரிஸ் பயணம்

1924-ம் ஆண்டு, பாரிஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயம். இந்தியாவிலிருந்து ஓட்டப்பந்தய வீரர்கள் சென்றார்கள். அந்தக் கோஷ்டியை அழைத்துச் சென்றவர் பக்.

அந்தக் கோஷ்டியில், சென்னை மாகாணத்தைச் சேர்ந்த சி.கே.லட்சுமணனும் இருந்தார். தடை தாண்டும் ஓட்டத்தில் கலந்துகொண்ட அவர், பிற்காலத்தில் டாக்டராகி, சுதந்திர இந்தியாவின் சுகாதாரத் துறையில் டைரக்டர் ஜெனரலாக உயர்ந்தார். விளையாட்டும் ஆரோக்கியமும் ஒரே ஆளிடம் கைகோத்து நின்றதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

பாரிஸில் பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் வேறொன்று கிடைத்தது. ஒலிம்பிக்குக்குத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், மாகாணத்துக்கு மாகாணம் சங்கம் வேண்டும், பந்தயம் வேண்டும் என்பது தெளிவாயிற்று. தொழிலதிபர் தோராப்ஜி டாட்டாவும், ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த டாக்டர் நோஹ்ரனும் இந்த முயற்சியில் முன்னணியில் நின்றார்கள். பக் அவர்களுக்குத் தோள் கொடுத்தார். நாட்டின் பல பகுதிகளில் விளையாட்டுச் சங்கங்கள் அமைந்தன. 1927-ம் ஆண்டு இந்திய ஒலிம்பிக் சங்கம் பிறந்தது. டாட்டா தலைவர், நோஹ்ரன் செயலாளர்.

பணம் ஒருவரிடம், அமைப்புத் திறமை ஒருவரிடம், பயிற்சி அறிவு ஒருவரிடம். மூன்றும் தனித்தனியே இருந்தால் மூன்றும் வீண். சேர்ந்தபோது ஒரு சங்கம் எழுந்தது.

சைதாப்பேட்டையில் சோலை

மாணவர் கூட்டம் பெருகியது. நகரத்துக் கட்டிடம் போதவில்லை. விளையாட்டுக் கல்லூரிக்கு மைதானம் இல்லாவிட்டால் எப்படி?

1930-களின் தொடக்கத்தில், சைதாப்பேட்டை அருகே அடையாற்றுப் பக்கம் கல்லூரிக்குப் பெரிய இடம் கிடைத்தது. 60 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பு. மரமும் செடியுமாக இருந்த இடம், மைதானமும் வகுப்பறையும் விடுதியுமாக மாறியது. அதைத்தான் இன்று நந்தனம் என்கிறோம்.

அந்தப் பத்தாண்டுகளில் விதை மற்ற இடங்களிலும் முளைத்தது. 1931-ல் ஐதராபாத்திலும், 1932-ல் கல்கத்தாவிலும், 1938-ல் பம்பாய் அருகே காந்திவிலியிலும் உடற்பயிற்சிக் கல்விப் பயிற்சி நிலையங்கள் தோன்றின. 

1940-ம் ஆண்டு சென்னைக் கல்லூரியில் பெண்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். பெண் பிள்ளை தாவணி கட்டிவிட்டால் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது என்றிருந்த காலம் அது. பெண்களுக்குப் பெண் வாத்தியார் கிடைத்தால்தானே பெற்றோர் மைதானத்துக்கு அனுப்புவார்கள்? சங்கிலியில் விட்டுப்போயிருந்த ஒரு கண்ணி அப்போது சேர்ந்தது.

1943-ம் ஆண்டு பக் சென்னையில் காலமானார். அவருக்கு வயது 58. இரண்டாவது உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். தாம் பாடுபட்ட நாடு சுதந்திரம் அடைந்ததையும் அவர் பார்க்கவில்லை. 1951-ல் டெல்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் பந்தயம் நடந்ததையும் பார்க்கவில்லை.

எட்டாத இடங்கள்

பக் எல்லாவற்றையும் சாதித்துவிட்டாரா? இல்லை.

அவர் பிடித்த கயிறு பள்ளிக்கூடம். ஆனால் அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போனவர்கள் எத்தனை பேர்? 1921-ம் ஆண்டு கணக்குப்படி, இந்தியாவில் 100 பேரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய 7 பேர்தான். மற்றவர்களுக்கு வாத்தியாரும் இல்லை, விசிலும் இல்லை. திண்டுக்கல் சீமையின் கிராமங்களில் கமலை இறைத்த குடியானவருக்கும், களை எடுத்த பெண்ணுக்கும் விளையாட்டு வகுப்பு வந்து சேரவில்லை.

அப்போது அது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஏனென்றால் அவர்களுடைய நாளே உடற்பயிற்சியாக இருந்தது. கிணற்றுக்கு நடந்தார்கள். வயலுக்கு நடந்தார்கள். சந்தைக்கும் ஆட்டை ஓட்டிக்கொண்டு நடந்தார்கள். உரலில் இடித்தார்கள், அம்மியில் அரைத்தார்கள். அவர்களுக்குக் குறைந்தது உழைப்பு அல்ல, சோறும் ஓய்வும்தான்.

இன்று நிலைமை தலைகீழ்.

பாதிப் பேர் அசையவில்லை!

கமலை போய் மோட்டார் வந்தது. உரல் போய் மிக்சி வந்தது. நடை போய் மோட்டார் சைக்கிள் வந்தது. கஷ்டம் குறைந்தது நல்லதுதான். ஆனால் உடலின் அசைவும் சேர்ந்து குறைந்துவிட்டது.

வயது வந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடல் உழைக்க வேண்டும். பிள்ளைகள் நாள்தோறும் 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2022-ம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, உலகில் வயது வந்தவர்களில் 31 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. இந்தியாவில் ஏறக்குறைய பாதிப் பேர் எட்டவில்லை! சர்க்கரை வியாதி, இருதய நோய், ரத்தக் கொதிப்பு எல்லாம் பட்டணத்து வியாதி என்ற காலம் போய்விட்டது. கிராமத்து ஆஸ்பத்திரியிலும் அவற்றுக்கு மாத்திரை கொடுக்கிறார்கள்.

நடங்கள், ஓடுங்கள் என்று டாக்டர் சொல்கிறார். எங்கே நடப்பது? வாசலில் இறங்கினால் லாரி வருகிறது. பள்ளி மைதானம் மாலையில் பூட்டிக் கிடக்கிறது. பூங்காவில் விளக்கு இல்லை. டாக்டர் ஒருவரால் மட்டும் என்ன செய்ய முடியும்?

2018-ம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் ஒரு செயல் திட்டம் வெளியிட்டது. உடல் உழைப்புக் குறைவை 2030-க்குள் 15 சதவீதம் குறைப்பது அதன் இலக்கு. மருத்துவத் துறை மட்டுமல்ல, கல்வி, போக்குவரத்து, நகர அமைப்பு, விளையாட்டு என்று எல்லாத் துறைகளும் சேர்ந்து இழுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். தமிழ்நாட்டில் 2023-ம் ஆண்டு, மாவட்டந்தோறும் 8 கிலோ மீட்டர் நடைபாதை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மக்களை நடக்க அழைக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. ஆலோசனை சொன்ன சுகாதாரத் துறை, பாதையையும் காட்டியது நல்ல ஆரம்பம்.

அய்யலூர் செய்ய வேண்டியது

திருச்சி – திண்டுக்கல் நெடுஞ்சாலையில் இருக்கும் அய்யலூர் ஒரு பேரூராட்சி. அங்கே பிள்ளைகள் ஓடியாடவும், பெரியவர்கள் நடக்கவும் வேண்டுமானால் என்ன வேண்டும்?

பள்ளி நிர்வாகம் மாலையில் மைதானத்தைத் திறந்துவிட வேண்டும். பேரூராட்சி இரண்டு விளக்குப் போட வேண்டும். போலீசார், பிள்ளைகள் சாலையைக் கடக்க வழி செய்ய வேண்டும். ஆஸ்பத்திரி நர்ஸ், யார் யார் நடக்க வேண்டும் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். விளையாட்டு வகுப்பைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்காமல் இருக்க வேண்டும். தாய்மார்கள், பரீட்சை வருகிறது என்று பிள்ளையை வீட்டில் பூட்டாமல் இருக்க வேண்டும்.

இதில் எதுவும் கோடி ரூபாய் வேலை அல்ல. ஒவ்வொன்றும் ஒருவர் கையில் இருக்கிற சின்ன வேலை. எல்லோரும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும் என்பதுதான் கஷ்டம்.

வியாழக்கிழமை தோறும் சந்தையை நடத்திக் காட்டுகிற ஊருக்கு அது முடியாத காரியமா? ஆடு விற்க ஒன்றுசேரும் ஊர், பிள்ளைகள் ஆட ஒன்றுசேராதா?

பக் ஐசுவரியவான் அல்ல. மந்திரியும் அல்ல. அவர் கையில் அதிகாரம் குறைவு. பள்ளியையும் சர்க்காரையும், சங்கத்தையும் வீட்டையும் ஒரே கயிற்றில் கட்டியதுதான் அவர் செய்த பெரிய காரியம். அந்தக் கயிறு இன்னும் அறுந்துவிடவில்லை. இழுப்பதற்குக் கைகள்தான் வேண்டும்.